அம்மாவின் சுருக்குப்பை வந்த வழி

எதிர்வீட்டு காகா டிசம்பரில் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அம்மாவும் நானும் கொங்கணக் கடற்கரையோரமாக எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸிலும் படகிலும் போய்விட்டு பம்பாய் ஆண்டாப்ஹில் வீட்டுக்குத் திரும்பி, பையை இறக்கி வைத்த அன்று ராத்திரியே காகா வந்து உட்கார்ந்தார். போனில் படங்களைக் காட்டிக்கொண்டே, "இதெல்லாம் இப்படியே இருந்தா எவ்வளவு நல்லாருக்கும் காகா, கழிமுகத்துக்குக் குறுக்கே கட்டப்போற பாலம் வந்துட்டா இந்தப் படகெல்லாம் போயிடுமே" என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப உனக்குப் பாலம் வேண்டாம், அப்படித்தானே?" என்றார். கோபம் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார். நான் ஏதோ மழுப்பினேன். அவர் பிறந்தது குஹாகர் பக்கம். நான் ஏழு நாள் பார்த்த ஊரை அவர் அறுபது வருடமாகப் பார்க்கிறவர், அதுவும் பெரும்பாலும் தூரத்தில் இருந்து.

பம்பாயில் இருந்து ரத்னகிரிக்கு ரயிலில் ஐந்தாறு மணி நேரம். நாங்கள் எடுத்துக்கொண்டது ஏழு நாள். இதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. தினமும் லோக்கலில் தாதர் நிற்பதற்குள் இறங்கி, குர்லாவில் ஏறுகிற கும்பலுக்கு முன்னால் சீட்டைப் பிடித்து, இருபது வருடம் ஓடியாயிற்று. லீவு சேர்ந்து கிடந்தது. மெதுவாகப் பயணம் போவது பற்றி நிறையப் படித்து, எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. காரும் ரயிலும் வேண்டாம், நேரம் பார்க்கக் கூடாது, எங்கே பஸ் நிற்கிறதோ அங்கே தங்குவது என்று ஒரு கொள்கையே வகுத்திருந்தேன். அறுபத்தெட்டு வயது அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்கன போறோம்னு ஒனக்கே தெரியாதுன்னு சொல்லு" என்றாள். ஆனாலும் வந்தாள். அப்பா போன பிறகு அவள் வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை.

கடலோரமாகப் போக முடியாத கடலோரம்

வரைபடத்தில் பார்த்தால் கொங்கணம் நேர்கோடு மாதிரி இருக்கும். இடது பக்கம் கடல், வலது பக்கம் சஹ்யாத்ரி என்கிற மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம், அதில் நேராகத் தெற்கே போனால் போதும் என்று தோன்றும். போய்ப் பார்த்தால்தான் தெரியும், இங்கே எதுவுமே தெற்கு வடக்காக ஓடவில்லை. சாவித்ரி, வாசிஷ்டி, சாஸ்திரி என்று ஒவ்வொரு ஆறும் மலையில் இருந்து இறங்கின வேகத்தில் கடலைத் தொட்டுவிடுகிறது. தொடுகிற இடத்தில் கடல் உள்ளே புகுந்து பெரிய கழிமுகமாக விரிந்து கிடக்கிறது, இவர்கள் காடி என்கிறார்கள். ரோடும் ரயிலும் இந்தக் காடிகளுக்குப் பயந்து உள்ளே தள்ளி, ஆறு ஒடுங்கின இடமாகப் பார்த்துத் தாண்டிப் போய்விட்டன. 1998 ஜனவரி 26 அன்று முழுசாகத் திறந்த கொங்கண் ரயில்வே 741 கிலோமீட்டர், அதில் தொண்ணூறுக்கு மேல் சுரங்கங்கள். ரத்னகிரி பக்கத்துக் கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கிலோமீட்டர். அந்த ரயிலில் திருநெல்வேலிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கொங்கணம் என்றால் எனக்கு இருட்டு, வெளிச்சம், ஒரு பாலம், மறுபடி இருட்டு, அவ்வளவுதான்.

கடலோர ஊர்களுக்கு நெடுஞ்சாலையில் இருந்து மலை இறங்கி வர வேண்டும். பக்கத்துக் கடலோர ஊருக்குப் போக வேண்டுமானால் மறுபடி மலை ஏறி, சுற்றி, இன்னொரு பக்கம் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் படகு. கார், பைக், மீன்கூடை, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முன்வாயைத் தொப்பென்று கரையில் போடுகிற தட்டையான இரும்புப் படகு. உள்ளூரில் ஜங்கல் ஜெட்டி என்கிறார்கள். காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கேரளத்தில் ஜங்கார் என்கிறார்களே, அதுதான் இங்கே வந்து ஜங்கல் ஆகியிருக்கும் என்பது என் யூகம். அகர்தண்டாவில் இருந்து திகி, பாக்மண்ட்லாவில் இருந்து வேஷ்வி, தாபோளில் இருந்து தோபாவே, தவ்சாளில் இருந்து ஜய்கட் என்று நாலு படகு மாறினால் ரத்னகிரி வந்துவிடும். பம்பாயில் பாவுச்சா தக்காவில் இருந்து மாண்ட்வா போகிற பெரிய கப்பலையும் சேர்த்தால் ஐந்து.

முதல் மூன்று நாளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜஞ்சிரா கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நாங்கள் கரையில் நின்று பார்த்ததோடு சரி. பஸ்ஸில் அம்மாவுக்கு அரை டிக்கெட். 2023 மார்ச்சில் இருந்து மகாராஷ்டிராவில் எஸ்.டி. பஸ்ஸில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம்தான். "பாவாடை கட்டுன காலத்துல எடுத்தது, இப்பதான் மறுபடி அரை டிக்கெட்டு" என்று ஒவ்வொரு கண்டக்டரிடமும் தன் திருநெல்வேலி மராத்தியில் சொல்லிச் சிரித்தாள். ஹரிஹரேஷ்வரில் சோல்கடி என்று இளஞ்சிவப்பாக ஒரு டம்ளர் வந்தது. தேங்காய்ப்பாலில் கோகம் புளி கரைத்து, பூண்டு பச்சைமிளகாய் தட்டிப்போட்டது. குடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம சொதியில பாசிப்பருப்பையும் காயையும் எடுத்துட்டு கலர் ஊத்துனாப்ல இருக்கு" என்றாள். அதற்கப்புறம் எங்கே உட்கார்ந்தாலும் "பிங்க் சொதி இருக்கா" என்பதுதான் முதல் கேள்வி. சாவித்ரியின் முகத்துவாரத்தில் பாதியில் நின்றுபோன பாலத்தின் தூண்கள் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்த்தபோது எனக்குள் சின்னதாக ஒரு திருப்தி எழுந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நாலாம் நாள் ஹர்ணை. சாயங்காலம் கரையில் மீன் ஏலம். படகுகள் கொஞ்சம் தள்ளி நிற்க, கூடை கூடையாக இறக்கி மணலிலேயே குவித்து, சத்தமாக ஏலம் விடுகிறார்கள், பின்னால் கடலுக்குள் சுவர்ணதுர்க் கோட்டை. சுர்மை என்று இவர்கள் சொல்கிற நம்ம சீலா மீனை விலை கேட்டு, பம்பாய் விலையோடு ஒப்பிட்டு, வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் அரைமணி நேரம் பேரம் பேசினாள் அம்மா. தங்கினது ஒரு வீட்டில். வீட்டுச் சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்று இந்தக் கரை முழுக்க வாசலில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், அம்மாவை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டாள். காலையில் சுடச்சுட காவ்னே போட்டாள், அரிசிமாவு தோசைதான், பஞ்சு மாதிரி. ரெண்டு பேரும் அடுப்படியில் மாவு பதம் பேசி பஸ்ஸைத் தவறவிட்டோம். எனக்குச் சந்தோஷம்தான். கொள்கைப்படி நேரம் பார்க்கக் கூடாதல்லவா.

தாபோளும் தாபோலியும்

ஹர்ணையில் இருந்து மலையேறித் தாபோலி, அங்கே பஸ் மாறி இறங்கினால் தாபோள். மராத்தியில் ஒன்று ப, இன்னொன்று ப வர்க்கத்திலேயே நாலாவது எழுத்து, உச்சரிப்பு வேறு வேறு. தமிழில் எழுதினால் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். அம்மா ஒரு குட்டி நோட்டில் போகிற ஊரையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தாள், அதில் அந்த நாளுக்குத் தாபோலி, தாபோலி என்று ரெண்டு தடவை இருக்கிறது. தாபோலி மலைமேல், வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். தாபோள் கடலோரம், ஒரு காலத்தில் அரபு நாட்டுக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம், 1508 கடைசியில் போர்ச்சுகீசியர்கள் கொளுத்திவிட்டுப் போனார்கள். என்ரான் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் விவகாரத்தில் உலகம் முழுக்க அடிபட்ட 'தாபோள் மின்நிலையம்' தாபோளிலேயே இல்லை, எதிர்க்கரையில் குஹாகர் தாலுகாவில் இருக்கிறது. பேரைக் குழப்புவதில் நாங்கள் தனியாக இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

படகுக்குக் காத்திருந்தபோது எதிரே பரந்து கிடந்த வாசிஷ்டியைப் பற்றி அவளுக்குச் சொன்ன ஒரு விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கொய்னா அணைத் தண்ணீர் இயல்பாக ஓடினால் கிருஷ்ணாவில் சேர்ந்து கிழக்கே ஆந்திரா தாண்டி வங்காள விரிகுடாவுக்குப் போக வேண்டியது. அதை மலையைக் குடைந்து மேற்கே இறக்கி, கரண்ட் எடுத்துவிட்டு, இந்த வாசிஷ்டியில் விடுகிறார்கள். "முல்லைப்பெரியாத்துக்கு எதிர்ப்பதமால்லா இருக்கு" என்றாள் உடனே. அங்கே மேற்கே போகிற தண்ணீரை வைகைக்குத் திருப்பினார்கள், இங்கே கிழக்கே போகிறதை அரபிக்கடலுக்கு. இந்த ஒப்புமை எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத்தான் தோன்றியது.

படகு பத்துப் பதினைந்து நிமிடம். அக்கரை தோபாவே. கார் ஏற்றுகிற இந்தப் படகு 2003இல் வந்தது. அதற்கு முன்னால் வண்டியோடு அக்கரை போக வேண்டுமானால் தாபோலி, கேட், சிப்ளூண் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும், கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊருக்கு.

குஹாகர் வந்து ரூம் போட்டு, சாப்பிட்டுவிட்டு அம்மா பையைத் துழாவினபோது மணி ரெண்டு. சுருக்குப்பையைக் காணோம். நீலப் பூப்போட்ட துணி, அவளே தைத்தது, மாத்திரை எல்லாம் அதில்தான். ஹர்ணையில் தலையணைக்கு அடியில் வைத்தது அப்படியே இருக்கிறது. எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிரஷர் மாத்திரைதானே, சீட்டு போட்டோ என் போனில் இருக்கிறது, கீழே மெடிக்கல் இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "அந்தப் பைதான் வேணும்" என்றாள். அதற்காக ஒரு நாளை வீணாக்கித் திரும்பிப் போவதா என்று குரலை உயர்த்தினேன், நேரமே பார்க்காத ஆள். "நீ போக வேண்டாம்யா, அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போடு."

போட்டேன். "தாபோலி வரைக்கும் யார்கிட்டயாவது குடுத்துவிட முடியுமா?" என்று கேட்டேன். அந்தம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "தாபோலியில இருந்து என்ன பண்ணப்போறீங்க? தாபோள் படகுக்குத்தானே?" என்றாள். ஆமாம், தாபோள். "மூணு மணி வண்டி இருக்கு. போனை வையுங்க, பையனை அனுப்பணும்." வைத்துவிட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, எந்த கண்டக்டர், யார் நம்பர், எதுவும். மாலை முழுக்க நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கடற்கரைக்குப் போய் சுண்டல் மாதிரி ஏதோ வாங்கித் தின்றுவிட்டு வந்தாள்.

ஆறரைக்குத் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு, தோபாவே பஸ் வந்துகொண்டிருக்கிறது, ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள் என்று. ஏழு மணிக்கு கண்டக்டர் தன் டிக்கெட் மெஷினோடு சேர்த்து நீலப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டம்மா மகன் கொண்டுபோய் ஹர்ணை பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறான். அவர் தாபோலி ஸ்டாண்டில் கண்ட்ரோல் அறையில் வைத்திருக்கிறார். தாபோள் வண்டிக் கண்டக்டர் அதை எடுத்துப்போய்ப் படகில் டிக்கெட் கிழிக்கிற பையனிடம், அவன் அக்கரையில் டீக்கடையில், டீக்கடைக்காரர் குஹாகர் பஸ்ஸில். தாபோலியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மலைக்குக் கீழே இருந்து சாப்பாட்டு டப்பா இந்த வழியில்தான் தினமும் போய்க்கொண்டிருக்கிறதாம், எங்கள் பை ஒரு டப்பாவோடு டப்பாவாக வந்திருக்கிறது. காசு நீட்டினேன். கண்டக்டர் சிரித்துவிட்டு, "ஆஜி (பாட்டி), மாத்திரை போட்டுக்கோங்க" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பையின் சுருக்கை அவிழ்த்தாள். மாத்திரை அட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு. பிரித்தால் அவளுடைய தோடு, ரெண்டும். காது புண்ணாகி இருந்ததால் ஹர்ணையில் ராத்திரி கழற்றி வைத்தது. அப்பா தாராவியில் முதல் சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது அது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஏம்மா, இதைச் சொல்லவே இல்லையே?" என்றேன். "சொன்னா ஒனக்குப் பயம் வந்திரும். நீ அவட்ட சொல்லுவ, அவளுக்குப் பயம் வந்திரும். பொறவு எவன் வாங்குவான் அந்தப் பைய?" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி பார்க்காமல் தோட்டைத் திருகினாள். பையோடு தனியாக ஒரு காகிதப் பொட்டலம் கட்டியிருந்தது. உள்ளே காய்ந்த கோகம், வீட்டம்மா போட்டுவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இத்தனை நாள் மெதுவான ஊர் என்று ரசித்துக்கொண்டிருந்தேனே, அந்தப் பை வந்த வழியில் மெதுவாக எதுவுமே நடக்கவில்லை. மூணு மணி வண்டி மூணு மணிக்கு வந்திருக்கிறது. அதைப் பிடித்தால் தாபோளில் எந்தப் படகு, அந்தப் படகுக்கு அக்கரையில் எந்த பஸ் என்று ஒரு வீட்டம்மாவின் தலையில் முழு டைம்டேபிளும் இருந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால், வந்த வழியெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் படகுத்துறையிலும் ஒவ்வொருத்தரும் மணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காலேஜ் பெண், ஆஸ்பத்திரிக்கு மாமியாரைக் கூட்டிப்போகிறவள், ஐஸ் உருகுவதற்குள் மீனைச் சேர்க்க வேண்டியவன். நேரம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தன்தான். பாக்மண்ட்லாவில் ஒரு படகை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததில் போனோம், அப்போது பக்கத்தில் இருந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இப்போது அந்தப் பார்வை புரிகிறது.

காகாவின் கணக்கு

மறுநாள் தவ்சாளில் படகேறி, கணபதிபுளே போய், அதற்கு அடுத்த நாள் ரத்னகிரி. பர்மா ராஜா தீபாவை வெள்ளைக்காரன் கொண்டுவந்து அடைத்துவைத்த ஊர், 1916இல் இங்கேயே செத்துப்போனார். அரண்மனையைச் சுற்றிவிட்டு ரயிலேறினோம், பம்பாய்க்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாயிற்று. ஏழு நாள் போனதை ஒரு மத்தியானத்தில் திரும்பி வந்தது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. அன்று ராத்திரிதான் காகா வந்தார்.

ரேவஸில் இருந்து ரெட்டி வரைக்கும் கடலோரமாகவே ஒரு சாலை, அதில் ஒவ்வொரு காடிக்கும் குறுக்கே ஒரு பாலம் என்பது 1980களில் இருந்து பேசப்படுகிற திட்டம். இப்போது உண்மையிலேயே பாலங்களுக்கு வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். வந்தால் நாலு படகுக்கும் வேலை இருக்காது. காகா இதற்காக ஆயுசு முழுக்கக் காத்திருக்கிறவர். அவருடைய அப்பா லால்பாக் பக்கம் மில்லில் வேலை, 1982 ஸ்டிரைக்கில் வேலை போய் ஊர் திரும்பினவர். பம்பாயில் சம்பாதித்து கணபதிக்கும் ஷிம்கா என்கிற ஹோலிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர்களைச் சாகர்மானி என்பார்கள், காகாவும் அதுதான். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் அப்பாவை 'பம்பாய்க்காரர்' என்று கூப்பிட்டார்கள், அதே கதை. "ராத்திரி கடைசிப் படகு போயிட்டா அந்தக் கரையில நெஞ்சுவலி வந்தவன் என்ன பண்ணுவான்? மழைக்காலத்துல காத்து அடிச்சுப் படகை நிறுத்தினா? நீ டிசம்பர்ல போன. ஜூலையில போய்ட்டு வந்து சொல்லு" என்றார். நான் பை வந்த கதையைச் சொன்னேன். பாலம் இருந்தால் அந்தப் படகுப் பையனும் டீக்கடையும் இருந்திருக்க மாட்டார்களே என்றேன். "பாலம் இருந்திருந்தா நீயே அரை மணியில திரும்பிப் போய் எடுத்துட்டு வந்திருப்ப" என்றார் அவர். அரை மணி என்பது அதிகம்தான், ஒன்றரை மணியாவது ஆகும், ஆனாலும் அவர் சொல்வதில் தப்பில்லை. அம்மா அடுப்படியில் இருந்து, "இவன் போயிருக்க மாட்டான், மெடிக்கல்ல வாங்குன்னு சொல்லிருப்பான்" என்றாள்.

அதற்குப் பிறகு காகா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. வரட்டும் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் அந்த இரும்புப் படகின் முன்வாய் கரையில் விழுகிற சத்தம் நினைவுக்கு வந்து, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்று தோன்றும். இந்த 'இன்னும் கொஞ்ச நாள்' யாருடைய நாள் என்று கேட்டுக்கொண்டால் அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச்சில் ஷிம்காவுக்குக் காகா ஊருக்குக் கிளம்பினபோது அம்மா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு சுட்டு, மேலே துணி போட்டுக் கட்டிக் கொடுத்தாள். காகாவின் ஊர் இந்தக் கரை, ஹர்ணை அந்தக் கரை. "தோபாவே டீக்கடையில குடுத்தாப் போதும், அவங்க பாத்துக்குவாங்க" என்றாள், என்னமோ காலங்காலமாக அங்கே இருந்தவள் மாதிரி. காகா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் சாயங்காலம் ஹர்ணை வீட்டம்மா போன் பண்ணினாள். டப்பா வந்துவிட்டதாம், ரெண்டு முறுக்கு உடைந்திருந்ததாம், டப்பாவை நாளைக்குக் காலை ஏழரை வண்டியில் அனுப்புகிறாளாம், காகாவை ஊரில் இருந்து கிளம்பிவிடாமல் இருக்கச் சொல்ல வேண்டுமாம்.